கச்சானில் ஏற்றிய வோல்டேஜ்

எனக்குக் கோபம் வந்தால் கையில் கிடைப்பது பறக்கும். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அப்படித்தான். அண்ணனுக்கு ஒரு படி கூட.

சென்னையில் ஒரு அனிமேஷன் கம்பெனி வேலைக்குத் தேர்வு வைத்திருந்தது. சின்னப் படம் ஒன்று செய்து சாயங்காலம் ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். என் வேலை முடிந்துவிட்டது. கம்ப்யூட்டர் அதை ரெண்டர் செய்து, ஓடும் படமாக ஆக்கித் தருவதுதான் பாக்கி. ப்ராசஸரை அதன் சாதாரண வேகத்தில் ஓட்டினால் நேரத்துக்கு முடியாது. அதனால் முன்பே வேகத்தைக் கூட்டி, அதற்கேற்ப வோல்டேஜையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஸ்ட்ரெஸ் டெஸ்டில் போட்டு வதைத்துப் பார்த்திருந்தேன். அசையவில்லை. ஆனால் வதைத்ததெல்லாம் கொண்டல் அடித்த மாதத்தில். கடலிலிருந்து குளிர்ந்து வந்த அந்தக் காற்றை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அன்று கச்சான். மேற்கிலிருந்து அனலும் மண்ணுமாக அறைந்தது. கச்சான் அடித்தால் எங்கள் தெருவில் மேற்கு ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். அறை அடுப்பாகிவிட்டது. பாதி ரெண்டரில் திரை நீலமாகி நின்றது. வோல்டேஜை ஏற்றினேன், சூடு எகிறியது. இறக்கினேன், மறுபடி நின்றது. வெந்த காற்றானாலும் காற்றுதானே என்று ஜன்னலை உதைத்துத் திறந்தேன்.

அண்ணன் விசைப்படகு ஓட்டுகிறவன். காற்றினால் படகு கடலுக்குப் போகவில்லை. மீனுக்காக ஏற்றிய ஐஸ் சும்மா உருகும் எரிச்சலில் சாப்பிட உட்கார்ந்திருந்தான்.

"சோத்துல மண்ணு விழுது. சாத்துளா."

"முடியாது."

"ஒன்னய சென்னைக்கு விட்டாத்தான இந்தப் பெட்டிக்கு வேல" என்று வந்து ஜன்னலை அறைந்து சாத்தினான். அவன் கையைக் கடித்தேன். கன்னத்தில் ஒன்று விட்டான், காது இரைந்தது. செம்பை எடுத்து வீசினேன். அவன் புருவம் கிழிந்து ரத்தம் சட்டையில் வழிந்தது. அம்மா நடுவில் புகுந்து ரெண்டு பேரையும் விளக்குமாற்றால் விளாசினாள்.

"வெட்டிக்கிட்டுச் சாவுங்க. நான் நிம்மதியா இருப்பேன்."

அவன் வெளியே போய்விட்டான். நான் அழவில்லை. வோல்டேஜைத் தாங்கக்கூடிய அளவுக்கும் மேலே ஏற்றினேன். சாவதென்றால் ஆறு மணிக்கு மேல் சாவு என்று பெட்டியிடமே சொன்னேன்.

அண்ணன் ஒரு சாக்கு ஐஸோடு திரும்பி வந்தான். அண்டாவில் கொட்டி, சுத்தியலால் நொறுக்கி, டேபிள் ஃபேனுக்கு முன்னால் நகர்த்தி வைத்தான். என் மண்டையில் போட வேண்டிய அடியையெல்லாம் ஐஸில் போட்டான். குளிர்ந்த காற்று பெட்டிக்குள் போனது. திரையில் சூடு இறங்கியது. உருக உருக நொறுக்கிப் போட்டுக்கொண்டே இருந்தான்.

ஆறு அடிப்பதற்குள் படம் போய்ச் சேர்ந்தது. பெட்டியை அணைக்கக் கை நீட்டினேன், உள்ளே பட்டென்று ஒரு சத்தம். தீய்ந்த நாற்றம் அடித்தது. பிறகு அது உயிர் பெறவே இல்லை.

அண்ணன் எட்டிப் பார்த்தான். "செத்துட்டா?"

"ம்."

"அப்ப இனி ஒனக்கு இங்கன என்ன கெடக்கு? வேல கெடச்சா போ."

அடிக்கு அழாதவள் அதற்கு அழுதேன். அண்டாவில் மிச்சமிருந்த ஐஸைத் துண்டில் முடிந்து அவன் புருவத்தில் வைத்தேன்.

"அமுக்காதளா, வலிக்கி" என்றான்.