போகியில் போன வழி

சென்ற வாரம் புளியஞ்சோலை வழியாகக் கொல்லிமலை ஏறினேன். மேலே ஒரு காப்பித் தோட்டக் கம்பெனியில் என் நண்பர் ராமலிங்கம் குமாஸ்தா. நாலு நாள் நன்றாகத் தூங்கலாம் என்று போனவன், ஒரு காகிதத்தைத் தேடும் படலத்தில் மாட்டிக்கொண்டேன்.

காலையில் குண்டூர் நாட்டு விவசாயி பொன்னுசாமி ஆபீசுக்கு வந்தார். தோட்டத்துக்கு அப்பால் அவருடைய சாமைக் காடு அறுவடைக்கு நிற்கிறது. போகிற வழி தோட்டத்துக்குள்தான். புதிதாக வந்த துரையோ அதை மறித்து வேலி போட்டுவிட்டார்.

"வழி உடறமுன்னு கம்பெனி எழுதிக் கொடுத்த காயிதம் உங்ககிட்டத்தானுங்க இருக்குது. தொரைகிட்டக் காட்டுங்க, போதும். சாமை உதிருதுங்க" என்றார்.

ராமலிங்கம் பீரோவைத் திறந்தார். அடடா, என்ன ஒழுங்கு! சோப்பு வாங்கிய ரசீது, டீ பார்ட்டி அழைப்பு, துரை வீட்டு நாய்க்கு மருந்து வாங்கிய பில்... எல்லாம் நாடா கட்டி அடுக்கியிருந்தன. பொன்னுசாமியின் காகிதத்தை மட்டும் காணோம்.

எனக்கு ஆவல் தாங்கவில்லை. எதை வைப்பது, எதைக் கழிப்பது — இதை எப்படி ஓய் முடிவு செய்கிறீர் என்று கேட்டேன்.

"போன போகிக்குப் பழசையெல்லாம் கழிக்கச் சொன்னாங்க. இங்கிலீஷ்ல இருந்ததை எடுத்து வெச்சேன். தமிழ்ல இருந்ததை..." என்று இழுத்தார்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால், யோசித்துப் பாருங்கள் — எந்தக் கம்பெனியில்தான் இது நடக்கவில்லை? மேலே இருப்பவருக்குப் படிக்கத் தெரிந்தால் ரிகார்டு. இல்லாவிட்டால் குப்பை. அதை நம்பி ஒரு குடும்பம் சாப்பிடுகிறதா என்று யார் பார்க்கிறார்கள்?

பொன்னுசாமி சத்தம் போடவில்லை. "எங்களுது கூரை ஊடு. தீப்புடிச்சுருமுன்னுதானுங்க உங்க ஓடு போட்ட ஆபீசுல கொடுத்து வெச்சோம்" என்றார்.

ராமலிங்கத்துக்கு முகம் செத்துவிட்டது. விருட்டென்று எழுந்து துரையின் அறைக்குள் போனார்.

உள்ளே துரை கத்தியது வெளியே எங்களுக்குக் கேட்டது. 'தப்பு என்னுடையது, அதைப் படித்துவிட்டுத்தான் எரித்தேன், என்ன எழுதியிருந்தது என்று சத்தியம் செய்து சொல்கிறேன்' என்று இவர் இங்கிலீஷில் தட்டுத் தடுமாறிச் சொன்னதும் கேட்டது. வேலை போய்விடும் என்றே நினைத்தேன்.

வேலை போகவில்லை, நல்ல திட்டு கிடைத்தது. வேலியைப் பிரிக்கவும், புதிதாக ஒரு காகிதம் எழுதவும் உத்தரவு.

ராமலிங்கம் உட்கார்ந்து, வாயால் சொல்லிக்கொண்டே அழகான தமிழில் எழுத ஆரம்பித்தார். பொன்னுசாமி இரண்டு வரி கேட்டார். பிறகு மெதுவாக அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இங்கிலீசுலயே எழுதிருங்க சாமி."