சிறுத்தையின் பன்னிரண்டாம் தாள்

1974 ஜூன் 15, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று ஐம்பது. மழை விட்டுப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மறுபடியும் பிடிக்கும் போலிருந்தது. எனக்குப் பதினோரு வயது. கையில் சென்னையிலுள்ள ஒரு பத்திரிகைக்குப் போகவேண்டிய உறை, இன்னும் ஒட்டாதது. உள்ளே சித்தப்பா எழுதிய தொடர்கதையின் கடைசி அத்தியாயம், பன்னிரண்டு தாள்கள்.

சித்தப்பாவுக்கு மான்ட்ரியாலில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வெள்ளெலிகளை எடைபோடும் வேலை. மாலையில் எங்கள் சமையலறை மேசையில் உட்கார்ந்து, மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் ஒரு தாய்ச் சிறுத்தையைப் பற்றி எழுதுவார். காட்டில் அவர் சிறுத்தையைப் பார்த்ததே இல்லை. பார்த்ததெல்லாம், அந்த ஊரின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் எங்கள் குடியிருப்பின் பின்படிக்கட்டுக்கு அடியில் மூன்று குட்டிகளோடு இருந்த ரக்கூனைத்தான். பூனையைவிடச் சற்றுப் பெரிய உடல், கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை, குப்பைத்தொட்டியைத் திறந்துவிடும் மனிதக் கை போன்ற முன்கால்கள். அது செய்ததையெல்லாம் சிறுத்தையும் செய்தது. ஓடையில் கைவிட்டுத் துழாவி நண்டு பிடித்தது. மரத்திலிருந்து தலைகீழாக இறங்கியது.

"ஏண்டா, உன் சிறுத்தை அடுத்த வாரம் குப்பைத்தொட்டி மூடியைத் திறக்குமா?" என்பார் அப்பா.

"நீ காட்டுல சிறுத்தையைப் பாத்திருக்கியாண்ணா?"

"நீ பாத்திருக்கியா?"

சித்தப்பா பேனாவை மூடிவிடுவார். மறுநாள் திறப்பார்.

எனக்கோ கதையில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. ரக்கூனையும் குட்டிகளையும் தினமும் எண்ணுகிறவன் நான். அதனால்தான் பன்னிரண்டாம் தாள் என்னைப் பயமுறுத்தியது. அதில் சிறுத்தை லாரியில் அடிபட்டுச் செத்தது. எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, லாரிகள் ஓடும் ஷெர்புரூக் சாலை.

"அது சாகணுமா சித்தப்பா?"

"காட்டுல எதுவும் வயசாகிப் படுத்துச் சாகறதில்லடா. போ, கவரை ஒட்டிப் பொட்டில போடு. நனைச்சுடாதே."

தபால் பெட்டிக்கு நூற்று நாற்பத்திரண்டு எட்டுகள். நூற்றுப் பத்தாவதில் நின்றேன். பன்னிரண்டாம் தாளை உருவிச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன். பதினொன்றாம் தாள் முற்றுப்புள்ளியோடு முடிந்திருந்தது: சிறுத்தை சாலையோரத்தில் நின்று எதிர்ப்பக்கம் இருக்கும் குட்டிகளைப் பார்க்கிறது. உறையை ஒட்டிப் போட்டேன். அன்று ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் எண்ணினேன். தாய் ஒன்று, குட்டி மூன்று.

அக்டோபரில் பத்திரிகை வந்தது. பின்னாலேயே வாசகர் கடிதங்கள், முப்பத்தொன்று. சித்தப்பா ஒவ்வொன்றையும் உரக்கப் படித்தார்.

"கடைசிப் பக்கத்தை வெட்டிட்டாண்ணா பத்திரிகைக்காரன்" என்றார். "ஆனா எல்லாரும் அந்த முடிவுதான் பிரமாதங்கறாங்க."

"அப்புறம் என்னடா? ஜெயிச்சுட்டே!"

சித்தப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். ரக்கூனுக்கு உயிர், சித்தப்பாவுக்குப் பாராட்டு. யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு அவர் எழுதவில்லை. மாலைகளில் தொலைக்காட்சியில் ஹாக்கி பார்த்தார். மேசை வீட்டுப்பாடத்துக்கு எனக்குக் கிடைத்தது. அதிலும் எனக்குச் சந்தோஷம்தான். தான் எழுதாத முடிவுக்கு வந்த முப்பத்தொரு பாராட்டுகள் ஒரு மனிதரை என்ன செய்யும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

சித்தப்பாவுக்கு இப்போது எண்பத்து நான்கு, சென்னையில் இருக்கிறார். போன மாதம் அந்தப் பன்னிரண்டாம் தாளை, "எடுத்தது நான்தான்" என்று ஒரு வரி எழுதிச் சேர்த்து, பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒட்டுவதற்குமுன் தாள் உள்ளே இருக்கிறதா என்று மூன்று முறை பார்த்தேன். தபால் செலவு முப்பத்தெட்டு டாலர் அறுபது சென்ட்.