அவிழ்க்காத காப்பு

மற்ற ஊர்களில் தேரை இழுப்பார்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தேரைப் பிடிப்பார்கள். மாரியம்மன் கோயில் மலைக்கு மேலே, நாங்கள் குடியிருக்கும் லயங்கள் எல்லாம் பள்ளத்திலே. புறப்பட்ட தேர் தானாகவே இறங்கப் பார்க்கும். அது ஓடிவிடாமல் பின்னால் வடம் கட்டி, ஆண்கள் காலை ஊன்றிப் பிடித்துக்கொண்டு வருவார்கள். வளைவுக்கு வளைவு சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை போட ஓர் ஆள் உண்டு. அம்மனை அழைத்து வருகிறோம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அம்மன்தான் இவர்களை இழுத்துப் போகிறாள் என்று எனக்குத் தோன்றும்.

அந்த வருடம் கட்டை போடும் வேலை என் மாமாவுக்குக் கிடைத்தது. அம்மாவின் தம்பி, எங்கள் ஒற்றை அறைக் காம்பராவிலேயே இருந்தவர். மீசை அப்போதுதான் அரும்பியிருந்தது. நாலு பேர் சேர்ந்து நின்றால் தலையைக் குனிந்துகொண்டு போகிற ஆள். அவருக்கா இந்த வேலை என்று எல்லாரும் அதிசயப்பட்டார்கள். எனக்கோ சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை.

கட்டை போடுகிறவர் கொடியேறும் நாளிலேயே காப்புக் கட்டிக்கொள்ள வேண்டும். மஞ்சள் துண்டு வைத்து முடிந்த கயிறு. கட்டிவிட்டால் கவிச்சி கூடாது, குடி கூடாது. ஆனால் எங்கள் தோட்டத்தில் இன்னொரு வழக்கமும் இருந்தது. பாதி வழியில், தொழிற்சாலை வளைவுக்கு மேலே, தேரை நிறுத்திக் களைப்பாறும்போது ஒரு போத்தல் சுற்றி வரும். இளந்தாரிகளுக்கு முதல் மிடறு அங்கேதான்.

தேரன்று தப்புச் சத்தத்தில் மலையே அதிர்ந்தது. முன்னால் பெண்கள் முளைப்பாரியோடு போனார்கள். அம்மாவும் அதில் இருந்தாள். நான் மாமாவின் பின்னாலேயே ஓடினேன். வளைவுக்கு மேலே தேர் நின்றது. மாமாவின் கூட்டாளி கிளாஸோடு வந்தான்.

"இந்தா மாப்ள, ஒரு மொடறு. நீயும் ஆம்பள ஆக வேணாமா?"

மாமா கையை நீட்டிக் காப்பைக் காட்டினார்.

"அட, மாரியம்மா கண்ண மூடிக்குவாங்கடா. போன வருசம் கட்ட போட்டவரு குடிக்கலயா?"

"அவரு குடிச்சாரு. எனக்கு வேணாம்டா."

"டேய், இவனுக்குப் பால்மா கரைச்சுக் குடுங்கடா!"

எல்லாரும் சிரித்தார்கள். கையில் கிளாஸோடு அப்பாதான் பலமாகச் சிரித்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஒரு மிடறு குடித்துத் தொலைத்தால்தான் என்ன என்று மாமாமேல் கோபம் வந்தது.

தேர் மறுபடி புறப்பட்டது. தூறலில் பாதை வழுக்கியது. வடத்தில் யாரோ ஒருவர் சிரித்துக்கொண்டே சறுக்கினார். அவர்மேல் அப்பா விழுந்தார், அப்பாமேல் இன்னொருவர். வடம் தளர்ந்தது. தேர் ஒரு குலுங்கு குலுங்கிப் பாய்ந்தது!

முன்னால் போன பெண்கள் திரும்பிப் பார்த்து அலறினார்கள். மாமா கட்டையை அணைத்துக்கொண்டு சக்கரத்தோடு ஓடினார். முதல் கட்டை தெறித்துத் தேயிலைக்குள் போய் விழுந்தது. தேரில் தொங்கிய இரண்டாவது கட்டையை எட்டி எடுத்துச் செருகினார். தேர் 'க்ரீச்' என்று ஒருபக்கம் சாய்ந்து, பாதையோரம் தண்ணீர் ஓடும் கானுக்குப் பக்கத்தில் நின்றது. என் அம்மாவுக்கும் தேருக்கும் இடையில் ஓர் ஆள் படுக்கலாம், அவ்வளவுதான். தேரில் கட்டியிருந்த வாழைமரம் மட்டும் நிற்காமல் போய்க் கணக்கப்பிள்ளையின் குடைமேல் சாய்ந்தது.

குலவைச் சத்தம் வானத்தைப் பிளந்தது. "எங்க மாமா! எங்க மாமா!" என்று நான் தொண்டை கட்டும்வரை கத்தினேன். பால்மா கரைக்கச் சொன்ன கூட்டாளியே அவரைத் தோளில் தூக்கினான். "அம்மா நம்மளக் காப்பாத்திட்டா" என்று அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அடுத்த வளைவில், பயம் தெளிய வேண்டும் என்று போத்தல் இன்னொரு சுற்று வந்தது.

மறுநாள் மஞ்சள் நீராட்டு முடிந்ததும் காப்புக் கட்டியவர்கள் எல்லாரும் ஆற்றில் அவிழ்த்து விட்டார்கள். மாமா அவிழ்க்கவில்லை.

"சாமிதான் மலையேறிருச்சே மாமா, அவுக்கலயா?"

"இருக்கட்டும்டா."

அந்தக் கயிறு அழுக்கேறி இற்றுப்போனபோது, புதுக் கயிற்றில் மஞ்சளைத் தடவி அம்மாவிடம் நீட்டினார். அம்மா அதை அவர் கையில் இறுக்கி முடிந்தாள். சம்பள நாள்களில் கூட்டாளிகள் லயத்துக் கோடியில் நின்று கூப்பிடுவார்கள். மாமா வாய் திறக்கமாட்டார். கையைத் தூக்கிக் காட்டுவார். அவர்களும், "சாமிக்கு நேந்திருக்கான் போல" என்று போய்விடுவார்கள்.

திருவிழா முடிந்தும் அம்மனுக்கு இப்படிப் பயப்படுகிற ஆள் எங்கள் மாமா ஒருவர்தான் என்று நான் பள்ளிக்கூடத்தில் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். கூச்சப்படுகிற மனிதனுக்கு, ஓடுகிற தேரை நிறுத்துவதைவிட, சிரிக்கிற கூட்டாளியிடம் 'வேண்டாம்' என்று ஒவ்வொரு முறையும் சொல்வதுதான் கஷ்டம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. எனக்கும் மீசை அரும்பி, அதே வளைவில் அந்தக் கிளாஸ் என் முன்னால் வந்த அன்றுதான் தெரிந்தது. மாமாவைப் போலவே நானும் பேசாமல் காப்புக் கட்டிய கையைத் தூக்கிக் காட்டினேன்.