கோபத்தால் வந்த நோயல்ல

நோயைவிட, அது எதனால் வந்தது என்று ஆளாளுக்குச் சொன்னதுதான் தங்கமணியை எரித்தது. "கோவத்த கொறைச்சுக்க" என்றார்கள், எல்லாரும்.

மலேசியாவில், புக்கிட் பெலிம்பிங் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கியவள் அவள். 1989-இல் தொழிலாளர் குடியிருந்த லயத்துக் குழாயில் செந்நிறத் தண்ணீர் வந்து, பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டபோது, ஆபீஸ் வாசலில் நின்று கத்தியவளும் அவள்தான். கத்திக்கொண்டிருந்தவளுக்குத் திடீரென்று தலை பிளப்பதுபோல் வலித்தது. வேர்த்துக்கொட்டி, வெளுத்துப்போய் உட்கார்ந்துவிட்டாள். தோட்டத்து மருந்தகத்தில் வைத்தியம் பார்க்கும் டிரசர் ரத்த அழுத்தத்தை அளந்தார்.

"பாத்தியா? வாய மூடிக்கிட்டு இருந்தா பிரஷர் ஏறாதுலா."

வேலையை மேற்பார்க்கும் மண்டோர் காளியண்ணனுக்கு அது வசதியாகப் போயிற்று. அவள் தண்ணீரைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "ஒடம்புக்கு ஆகாதும்மா, வீட்டுக்குப் போ" என்பார். கணவன் ரெங்கசாமியும் அதே பாட்டுத்தான்.

"பழம் பொறுக்கக் குனிஞ்சாலும் இப்படித்தான் வருது. அப்ப யார்கிட்ட கோவப்பட்டேன்? பழத்துக்கிட்டயா?" என்று கேட்டாள்.

கடைசியில் ஒரு காலை, செம்பனை மரத்தடியிலேயே மயங்கி விழுந்தாள். அவளைக் கொண்டுபோன கோலாலம்பூர் மருத்துவமனையில் டாக்டர் சலாவுதீன்தான் முதன்முதலாக அவள் சொன்னதை முழுதாகக் கேட்டார். சிறுநீரைச் சோதித்தார், படம் எடுத்தார். சிறுநீரகத்துக்கு மேலுள்ள சுரப்பியில் ஒரு கட்டி இருந்தது.

"ரத்தக் குழாய்ச் சுவர்ல தசை இருக்கும்மா. அந்தத் தசையோட ஒவ்வொரு செல்லுலயும் பொட்டாசியம் வெளிய போக நுணுக்கமான வழிங்க உண்டு. அது தெறந்திருந்தா தசை தளர்வா இருக்கும். ஒங்க கட்டி ஹார்மோனைக் கண்டபடி கொட்டுது. அந்த ஹார்மோன் வழிய அடைச்சிடுது. தசை இறுகி, குழாய் சுருங்குது, பிரஷர் எகிறுது. குனியறப்ப வயிறு அமுங்குதுல்ல, கட்டியும் அமுங்கி இன்னும் கொட்டும்."

"அப்ப என் கோவம்?"

"கோவப்பட்டா யாருக்கும் கொஞ்சம் ஏறும். அதனால கட்டி வராதும்மா."

தங்கமணி அழுதாள். அவ்வளவும் ஆத்திரம்.

கட்டியை அகற்றினார்கள். உடல் தேறி லயத்துக்குத் திரும்பி, குழாயைத் திறந்தாள். அதே செந்நிறம். நேராக ஆபீசுக்கு நடந்தாள். காளியண்ணன் வழக்கம்போல ஆரம்பித்தார்: "ஒடம்புக்கு..."

"ஒடம்பு நல்லாத்தான் இருக்கு. டிரசரக் கூப்பிட்டு அளக்கச் சொல்லுங்க. இனிமே என்ன சொல்லி அனுப்புவீங்க?"

அவள் குரல் கேட்டு லயத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். மானேஜரே வெளியே வந்து நின்று கேட்க வேண்டியதாயிற்று. மறுவாரம் தண்ணீர் லோரி வந்தது. புதுக் குழாய் வர மேலும் ஒரு வருடம் பிடித்தது.

டிரசர் கடைசிவரை ஒரு வார்த்தைகூட வருத்தம் சொல்லவில்லை. அதை அவள் மன்னிக்கவும் இல்லை.