கடைசியாக வாயில் போனது

ஆபரேஷனுக்கு வந்திருக்கும் ஆளிடம் கமிஷன் அக்கா ஒருநாளும் "வெறும் வயிறா?" என்று கேட்கமாட்டார். "கடைசியா வாயில போனது என்ன? எப்போ? எதுல?" என்பார். தண்ணீர் என்றால் டம்ளரா சொம்பா என்பது அடுத்த கேள்வி. டம்ளர் என்றால் முழுசா பாதியா. நோயாளி ஒன்று சொல்ல, கூட வந்தவரைத் தனியாகக் கூப்பிட்டு அதையே மறுபடி விசாரிப்பார். விசாரணைக் கமிஷன் என்று வார்டு நர்ஸ் வைத்த பெயர் சுருங்கிக் கமிஷன் ஆனது. "பேருதான் கமிஷன், கையில ஒரு பைசா வந்ததில்ல" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

ஸ்ட்ரெச்சர் தள்ளுவதும் படுக்கை விரிப்பு மாற்றுவதும்தான் அவர் வேலை. கேள்வி கேட்கச் சொல்லி அவருக்கு யாரும் சம்பளம் தரவில்லை. அந்தச் சம்பளம் எனக்கு. அறுவைப் பிரிவு வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து ஃபார்ம் நிரப்புவேன். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். 'ஆஸ்பத்திரியில ஆபீசர்' என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். வேலை நிரந்தரமாக இன்னும் ஒரே மாதம் பாக்கி. அக்கா என்னைக் கூப்பிடுவது 'டிகிரி'.

நான் எழுதி முடித்த ஃபார்முக்கு மேல் அவர் போய்க் கேட்பது எனக்கு உள்ளூர எரிச்சல். இந்தப் பிடிவாதம் எங்கே கற்றது என்று ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன்.

"பட்டினி கிடந்து கத்துக்கிட்டது" என்றார்.

அவர் பிறந்தது கிறிஸ்தவ வீடு. அங்கே ஒருசந்தி என்ற நோன்பு நாளில் கறியும் மீனும் கிடையாது. மதியம் ஒருவேளை வயிறாரச் சோறு உண்டு. ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டது ஓர் இந்துக் குடும்பத்துப் பையனை. போன முதல் மாதமே மாமியார் "நாளைக்கு விரதம்" என்றிருக்கிறார். மருமகள் பயபக்தியோடு கறிக்குழம்பை ஒதுக்கிவிட்டு, மதியம் தட்டு நிறையச் சோற்றோடு எல்லார் முன்னாலும் உட்கார்ந்திருக்கிறார். அந்த வீட்டு விரதத்தில் சோற்றுக்கே இடமில்லை, பாலும் பழமும்தான்.

"உங்க வீட்டுல விரதம்னா பந்தி போடுவீங்களோன்னு கேட்டாங்க பாரு, இருபத்திரண்டு வருஷமாச்சு, இன்னும் காதுல இருக்கு. அந்த வருஷம் ரெண்டு வீட்டுப் பட்டினியும் என் தலையில."

கணவர் இறந்தபின் ஒரு சமணக் குடும்பத்தில் சமையலுக்கு நின்றார். அங்கே உபவாச நாளில் காய்ச்சிய தண்ணீர் மட்டும், அதுவும் பொழுது சாய்வதற்குள். அங்கிருந்து இந்த வார்டுக்கு.

"எந்தப் பேரு சொன்னாலும் அர்த்தம் ஒண்ணுதானே அக்கா" என்றேன். கல்லூரியில் சமய ஒப்பீடு எனக்கு ஒரு பாடம். நோன்பைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதி வகுப்பில் முதலாவதாக வந்தவள். புலனடக்கம், தன்னை ஒறுத்தல், இறைவனை நெருங்குதல் என்றெல்லாம் அடுக்கினேன்.

"நெருங்கட்டும், யாரு வேணாங்கறா. வயித்துல என்ன இருந்துச்சுன்னு எழுதினியா?"

சிரித்துவிட்டு டப்பாவை மூடினேன்.

ஒரு புதன்கிழமை வெல்டர் ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். முழங்கை வரை தீப்பொறி பட்ட புள்ளிகள். குடலிறக்க ஆபரேஷன், இரண்டு தடவை தேதி தள்ளிப்போய் மறுநாளுக்குக் கிடைத்திருந்தது.

"நாளைக்கு வெறும் வயித்தோட வரணும் ஐயா."

"நாளைக்கு வியாழன் மேடம். திங்களும் வியாழனும் நான் நோன்பு விடறதில்ல. அது போதுமா?"

"தாராளமா. அதைவிட வெறும் வயிறு வேற என்ன இருக்கு?"

பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாத நோன்பு. என் ஒன்றரைப் பக்கத்தில் அப்படித்தான் எழுதியிருந்தேன்.

வியாழன் காலை ஏழரைக்கு வந்தார். அக்கா வேறொரு நோயாளியை ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தார். "நோன்புதானே?" என்று கேட்டேன். "ஆமா மேடம். விடிஞ்சதிலிருந்து சொட்டுத் தண்ணி தொடல" என்றார். 'வெறும் வயிறு: ஆம்' என்ற கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்திட்டேன். எட்டரைக்கு அவரைத் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள்.

எட்டு நாற்பதுக்கு அக்கா திரும்பிவந்தார். வெல்டரின் மனைவி பெஞ்சில் தனியாக இருந்தார். பழக்கதோஷம், அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்.

"பாய் கடைசியா என்ன சாப்பிட்டாரும்மா?"

"அவரு நோன்புல இருக்காரு."

"சரி. நோன்பு வைக்கறதுக்கு முன்னாடி?"

"மூணரைக்கு எழுந்து ஆக்கி நாலரைக்குப் போட்டேன். உடம்புல கத்தி வைக்கப்போறாங்க, தெம்பு வேணுமேன்னு ரெண்டு துண்டு கறி சேர்த்தே வச்சேன். அவருதான் போதும் போதும்னாரு."

அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னை.

"டிகிரி. ஃபார்ம்ல என்ன எழுதின?"

விடியலுக்கு முன் சாப்பிடும் சாப்பாட்டுக்குச் சஹர் என்று பெயர். அந்தச் சொல் எனக்குத் தெரியும். பரீட்சையில் அதையும் எழுதி, அடியில் கோடும் போட்டிருந்தேன். அது ஒரு மனிதனின் வயிற்றில் சோறாகக் கிடக்கும் என்று மட்டும் தோன்றவில்லை.

"ஓடு" என்றார் அக்கா. "மயக்கத்துல அத்தனையும் மேல வரும். மூச்சுக்குழாய்ல போச்சுன்னா ஆளு திரும்பமாட்டாரு."

வராந்தா முடிவில் தரையில், வெளியாள் செருப்போடு தாண்டக்கூடாத சிவப்புக் கோடு. அதற்கு அப்பால் தியேட்டர் கதவு. கோட்டருகே என் கால் நின்றுவிட்டது. பின்னாலேயே அக்காவும் வந்துவிட்டார். இன்னும் ஒரு மாதம். அம்மாவின் முகம்.

"அக்கா, ஒரு கையெழுத்து விட்டுப்போச்சுன்னு சொல்லி நிறுத்திடலாமா?"

"நிறுத்துவாங்க. கையெழுத்து வாங்கிட்டு அஞ்சே நிமிஷத்துல மறுபடி ஊசி போடுவாங்க."

"காய்ச்சல் இருந்துச்சுன்னு..."

"தெர்மாமீட்டர் உள்ள இல்லையா?"

"நீங்க சொல்லுங்களேன்."

"நான் போனா, கமிஷன் இங்கயும் வந்துடுச்சுன்னு சிரிப்பாங்க. சிரிச்சு முடிக்கறதுக்குள்ள ஊசி ஏறிடும். அந்த ஃபார்ம்ல இருக்கறது உன் கையெழுத்துடி. போ!"

செருப்பைக் கழற்றினேனா என்று நினைவில்லை. கதவைத் தள்ளினேன். வெல்டரின் முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க் இருந்தது. மயக்க மருந்து டாக்டர் ஊசியை அவர் கைக்குழாயில் பொருத்திக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க டாக்டர்! அவர் நாலரை மணிக்குச் சாப்பிட்டிருக்கார். சோறும் கறியும்."

"யார் நீ?"

"ஃபார்ம் எழுதினவ. தப்பா எழுதிட்டேன்."

டாக்டர் ஊசியைக் கழற்றித் தட்டில் வைத்தார். மாஸ்க்கைத் தூக்கி, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.

"அது நோன்புக்கு முன்னாடி டாக்டர்" என்றார் வெல்டர்.

டாக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வைக்கு, திட்டியிருந்தால் தேவலை.

ஸ்ட்ரெச்சரை அக்காதான் வெளியே தள்ளிவந்தார்.

"நோன்பு வச்சது தப்பாம்மா?" என்று கேட்டார் வெல்டர்.

"நோன்புல ஒரு தப்பும் இல்ல பாய். கேட்ட விதத்துலதான் தப்பு."

அவர் தலையைத் திருப்பி என்னைத் தேடினார். "நான் நேத்தே உங்ககிட்ட கேட்டேனே மேடம்" என்றார். குரலில் கோபமே இல்லை.

விளக்கக் கடிதம் கேட்டார்கள். 'சமயச் சொற்களின் பொருள் வேறுபாட்டால் நேர்ந்த பிழை' என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதினேன். படித்துக்காட்டச் சொன்ன அக்கா, "யாரு தப்பு பண்ணதுன்னே தெரியலையே. சொல்லு வந்து உட்கார்ந்து ஃபார்ம் எழுதிச்சா?" என்றார். கிழித்துவிட்டு ஒரே வரி எழுதிக் கொடுத்தேன்: 'என்ன சாப்பிட்டார், எப்போது சாப்பிட்டார் என்று நான் கேட்கவில்லை.' நிரந்தரமாவது மூன்று மாதம் தள்ளிப்போனது. வீட்டில் காரணம் சொல்லவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை வெல்டர் மறுபடி வந்தார். நான் பேனாவை எடுக்கும் முன்பே ஒப்பிக்கத் தொடங்கினார். "நேத்து நோன்பு வைக்கல. ராத்திரி எட்டு மணிக்குச் சோறு, தட்டுல. பத்து மணிக்குத் தண்ணி, அரை டம்ளர். அப்புறம் ஒண்ணுமில்ல. சரியா மேடம்?"

எழுதிக்கொண்டேன். ஆனால் டிக் போடவில்லை. எழுந்து பெஞ்சுக்குப் போய் அவர் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அக்கா ஸ்ட்ரெச்சரின் கைப்பிடியைப் பிடித்தபடி காத்திருந்தார்.

"கடைசியா அவர் வாயில போனது என்னம்மா?" என்று கேட்டேன்.