தபால் எண் 412

உறையைக் கிழித்ததும் குசுமாவின் கண்ணில் பட்டது அவளுடைய கையெழுத்தே.

ஹொளெகட்டே குடிநீர் அலுவலகத்தில் பதினோரு வருடமாகத் தபால் பிரிப்பவள் அவள். கடிதத்தைப் பிரிப்பாள், முத்திரை குத்துவாள், பதிவேட்டில் எண் போட்டுப் பொறியாளர் நாகபூஷணின் மேசைக்கு அனுப்புவாள். பிரித்ததால்தான் விஷயமே தெரிந்தது. இரண்டு மாதமாக யாரும் குளோரின் கேட்கவில்லை என்று கம்பெனிக்காரன் கடிதம் போட்டிருந்தான். தினமும் குளோரின் கலந்தாயிற்று என்று நீரேற்று நிலையத்தின் அறிக்கை வந்துகொண்டிருந்தது, நாகபூஷணின் கையொப்பத்தோடு. ஊரிலோ வீட்டுக்கு வீடு மஞ்சள் காமாலை.

அவள் பெங்களூர் தலைமை அலுவலகத்துக்கு எழுதிப் போட்டாள். புகார் சொல்பவரின் பெயரை ரகசியமாக வைக்கச் சட்டம் இருக்கிறது என்ற சுற்றறிக்கையை அறிவிப்புப் பலகையில் ஒட்டியவளே அவள்தான். நம்பித் தொலைத்தாள்.

அந்தப் புகார்தான் இப்போது கையில் இருந்தது. பெயர், வீட்டு விலாசம் எல்லாம் அப்படியே. மேலே ஒரு வரி: 'தக்க நடவடிக்கைக்காகப் பொறியாளருக்கு அனுப்பப்படுகிறது.' அட கடவுளே, யார் மேல் புகாரோ அவனிடமே நடவடிக்கைக்கா?

"என்ன மேடம், பேயடிச்ச மாதிரி உக்காந்திருக்கீங்க? அக்கி ரொட்டி கருகிப்போச்சா?" என்றபடி வந்தார் பியூன் புட்டய்யா. அவள் தாளை நீட்டினாள். படிக்கப் படிக்க அவர் சிரிப்பு போயிற்று.

"நம்பர் போட்டாச்சா?"

"இன்னும் இல்ல."

"அப்ப குடுங்க. எதிர்த்த டீக்கடை அடுப்புல போட்டுட்டு வந்துடறேன். ஒருத்தருக்கும் தெரியாது. இன்ஜினியர் சாகேப் கையில இது போச்சுன்னா உங்கள ஊர விட்டே துரத்திடுவார்."

கொடுக்கத்தான் போனாள். இரண்டு பிள்ளைகள் இங்கே படிக்கிறார்கள், படுத்த படுக்கையாக மாமியார். ஆனால் நாகபூஷண் நடக்காததை நடந்ததாக எழுதினான். வந்ததை வராததாக ஆக்கினால் அவள் மட்டும் என்ன ஒழுங்கு?

412 என்று எண் போட்டாள். 'அனுப்பியவர்' என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள்.

மதியம் நாகபூஷண் கூப்பிட்டார். கத்தவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"நம்பர் ஏம்மா போட்ட? போடாம இருந்திருந்தா ரெண்டு பேருக்கும் நல்லது. இப்ப நான் பதில் எழுதியாகணும்."

"வந்த தபால், சார்."

மூன்றாம் நாள் லாரியில் குளோரின் சிலிண்டர்கள் வந்து இறங்கின. நான்காம் நாள் பெங்களூரிலிருந்து இன்னொரு உறை வந்தது. உள்ளே அவளுடைய மாற்றல் உத்தரவு. பீதருக்கு; மாநிலத்தின் அந்தக் கோடிக்கு.

"சாகேப் வேலையக் காட்டிட்டார். அன்னிக்கே குடுத்திருக்கலாம் மேடம்," என்றார் புட்டய்யா.

குசுமா உத்தரவின் தேதியைப் பார்த்தாள். பதிவேட்டைப் புரட்டி, 412க்கு எதிரே குறித்திருந்த பெங்களூர்க் கடிதத்தின் தேதியைப் பார்த்தாள். இரண்டும் ஒரே தேதி. புகாரைத் திருப்பி அனுப்பிய அன்றே, நாகபூஷண் அதைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே, அங்கே அவளை மாற்றியிருந்தார்கள்.

"அடுப்புல போட்டிருந்தாலும் இது வந்திருக்கும் புட்டய்யா," என்றாள். "சிலிண்டர்தான் வந்திருக்காது."

முத்திரையை எடுத்து மாற்றல் உத்தரவின் மேல் குத்திவிட்டு, அடுத்த எண்ணைப் போட்டாள்.