சபையின் இணையத்தளமும் ரூத்தின் ஜெபமும்

கம்ப்யூட்டர் திருத்துகிறவளிடம் யாரும் நல்ல சேதியோடு வருவதில்லை. பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு சின்னக் கடை. காலையில் திருத்த வேலை, பின்னேரத்தில் பிள்ளைகளுக்கு வகுப்பு. அதனால் ஊருக்கு நான் 'டீச்சர்'. உங்களில் யாராவது ஒரு சங்கத்துக்கோ கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ உதவியாக ஒரு இணையத்தளம் செய்து கொடுத்து மாட்டிக்கொண்டிருந்தால், பக்கத்தில் வந்து உட்காருங்கள். உங்களுக்குத்தான் இது புரியும்.

பூட்டுள்ள வீடு

எங்கள் சபைக்கு முதலில் இருந்தது வாட்ஸ்அப் குழு. மகளின் கல்யாணப் பேச்சில் ஒரு சிக்கல், ஜெபியுங்கள் என்று ஒரு அம்மா அதில் எழுதினார். பொழுது சாய்வதற்குள் அந்தப் பக்கத்தின் படம் வெலிமடையில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டது. சரியாகியிருக்கக்கூடிய சம்பந்தம் அன்றோடு முறிந்தது. அதற்குப் பிறகுதான் போதகர் என்னைக் கூப்பிட்டு, உறுப்பினர்கள் மட்டும் திறந்து பார்க்கிற மாதிரி ஒரு தளம் வேண்டும் என்றார்.

நிர்வாகக் குழு கூடிப் பேசியது. பதிவேட்டில் பெயர் உள்ளவர்களுக்கு மட்டும் அனுமதி. சேர்ப்பதும் நிறுத்துவதும் என் பொறுப்பு. குழுவின் செயலாளர் ஞானதாஸ் அண்ணன். கொழும்பு ஏஜென்சி ஒன்றுக்காகத் தேயிலைத் தோட்டத்துப் பெண்களை வெளிநாட்டு வீட்டு வேலைக்கு அனுப்புகிறவர். எல்லோருக்கும் முன்னால் கை தட்டியவர் அவர்தான். "நல்லா பூட்டுப் போட்ட வீடாக் கட்டுங்க டீச்சர், நம்ம வீட்டுச் சங்கதி வெளிய போகக்கூடாது."

எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்ட்

தெமோதரைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் எங்கள் சபைக்கு ஒரு சின்ன ஜெபக்கூடம் உண்டு. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அங்கே போய்ச் சொல்லிக் கொடுத்தேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும்தான் சிக்னல். தொட்டியைச் சுற்றி முப்பது பெண்கள், கையில் முப்பது போன். பாஸ்வேர்ட் போடச் சொன்னால் அத்தனை பேரும் 'இயேசு' என்றே போட்டார்கள். இப்படிப் போட்டால் யாரும் யாருடைய கணக்குக்குள்ளும் போய்விடலாம் என்று தொண்டை வற்றக் கத்தினேன்.

பாக்கியம் என்ற கொழுந்து பறிக்கும் பெண் மட்டும் மாற்ற மறுத்தாள். அவளுடைய மகள் ரூத், குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். ஞானதாஸ் அண்ணன் அனுப்பியதுதான். மகளையும் தளத்தில் சேர்க்கச் சொல்லிக் கேட்டாள். ரூத்தின் பெயர் பதிவேட்டில் இருந்ததால் அங்கேயே சேர்த்து, பாஸ்வேர்டைப் போனில் மகளுக்குச் சொல்லவும் வைத்தேன். மகளுடைய பாஸ்வேர்டையாவது வேறு போடலாமா என்று கேட்டதற்குப் பாக்கியம் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தாள். "அவரைவிட நம்பிக்கையான பேரு வேற எதுன்னு நீங்களே சொல்லுங்க டீச்சர்."

ஒன்பது இருபது

இரண்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பது இருபதுக்கு என் போன் சத்தம் போட்டது. ஜெப விண்ணப்பப் பக்கத்தில் ரூத் எழுதியிருந்தாள். 'எனக்காக ஜெபியுங்க. மேடம் போனை வாங்கி வச்சிட்டாங்க. வெளிய விடறதில்ல. முதுகுல சுடுதண்ணி ஊத்தி புண்ணா இருக்கு, மருந்து தரல. வீட்டுப் புள்ளையோட டேப்லட்ல ஒளிஞ்சு எழுதறேன். அம்மாவுக்குக் காட்டாதீங்க.'

கடையில் ஒருவர் பிரின்டருக்காகக் காத்திருந்தார். அவர் என்னவோ கேட்டார், எனக்குக் காது கேட்கவில்லை. யார் யார் ஒரு பக்கத்தைப் பார்த்தார்கள் என்பது எனக்கு மட்டும் தெரியும். மூன்று பெயர் வந்தது. நான்காவது பெயர் ஞானதாஸ். வெளியாட்கள் வராமல் கதவடைத்தேனே தவிர, அவர் உள்ளேயே இருக்கிறார் என்பது அந்த நிமிஷம் வரை எனக்கு உறைக்கவில்லை. உடனே அவரே போன் அடித்தார். அந்தப் பிள்ளை வேலைக்குக் கள்ளம் பண்ணிப் பொய்யாக எழுதுகிறது, சபைக்கும் எனக்கும் அசிங்கம், அழித்துவிடுங்கள் என்றார். அவர் குரலைத் தாழ்த்தினார். "நான் அந்த வீட்டம்மாவுக்கு ஒரு போன் போட்டா உண்மை தெரிஞ்சிரும். அழிக்கிறீங்களா, போடட்டுமா?"

வெளியே நின்றவர்

"பாக்கறேன் அண்ணே" என்று மட்டும் சொல்லி வைத்தேன். அந்தப் பக்கத்தை இரண்டு பிரதி எடுத்தேன். நானும் போதகரும் தவிர யாரும் பார்க்காதபடி தளத்தில் மறைத்தேன். பிறகு ஞானதாஸ் அண்ணனின் கணக்கை நிறுத்தினேன். ஒரே ஒரு பொத்தான். அதையும் இரண்டு முறை தவறிப்போய் வேறெங்கோ அழுத்தினேன்.

அரை மணி நேரத்தில் அவர் கடை வாசலில் திரீவீலரில் வந்து இறங்கினார். நான் கூப்பிட்டு வந்த போதகர் அப்போதுதான் அந்தப் பிரதியைப் படித்து முடித்திருந்தார். போதகர் சண்டைக்குப் போகிறவரில்லை. கூட்டத்தில் ஒருவர் குரல் உயர்த்தினாலே ஜெபம் செய்து முடித்து வைத்துவிடுவார். அன்று அப்படிச் செய்யவில்லை. "அண்ணே, நீங்க அந்தப் போனைப் போட்டு, அந்தப் புள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, பொலிசுல நான் உங்க பேரைத்தான் சொல்லுவேன்" என்றார். ஞானதாஸ் அண்ணனின் முகம் கறுத்தது. என் பக்கம் திரும்பினார். "இருபது வருஷமா பதிவேட்டுல இருக்கற பேர வெட்ட நீங்க யாரு?"

கொழுந்து நிறுக்கும் இடத்தில்

அம்மாவுக்குக் காட்டாதே என்று மகள் எழுதியிருக்கிறாள். ஆனால் அம்மாவின் கையெழுத்து இல்லாமல் வெளிநாட்டு வேலைக் காரியாலயத்தில் முறைப்பாடு கொடுப்பது கஷ்டம் என்றார் போதகர். இருவரும் மதிய பஸ்ஸில் தெமோதரைக்குப் போனோம். வழி முழுக்க எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். ஒன்றும் உதவவில்லை. பாக்கியம் கொழுந்து நிறுக்கும் வரிசையில் நின்றாள். எங்களைக் கண்டதும் வரிசையை விட்டு வந்தாள். கூடையை முதுகிலிருந்து இறக்கவில்லை.

"ரெண்டு கிழமையா மககிட்டருந்து போன் இல்லங்க. நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து வந்தா நல்லதுக்கில்லன்னு தெரியும், படிங்க" என்றாள். படித்தேன். இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். சுடுதண்ணி என்ற இடத்தில் அவள் கை பின்னால் போய்க் கூடையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டது. அழவில்லை. இது இப்போது தளத்தில் இருக்கிறதா என்று கேட்டாள். மறைத்து வைத்திருக்கிறேன் என்றேன், பெருமையாகத்தான். "மறைச்சு வச்சா யாரு டீச்சர் ஜெபிப்பாங்க? திரும்பப் போடுங்க, கீழ என் பேரையும் போடுங்க."

விலாசம்

அன்றிரவே பாக்கியத்தின் பெயரோடு அதைத் தளத்தில் திரும்பப் போட்டேன். மறுநாள் பதுளையில் வெளிநாட்டு வேலை முறைப்பாடு எடுக்கும் காரியாலயத்தில் மூவரும் உட்கார்ந்திருந்தோம். அங்கிருந்த பெண் அதிகாரி பிரதியைப் படித்துவிட்டு உடனே எழுத ஆரம்பித்தார். வேலை செய்யும் வீட்டின் விலாசம் என்ன, வீட்டுக்காரர் பெயர் என்ன என்று கேட்டார். பாக்கியத்துக்குத் தெரியாது. பாஸ்போர்ட் பிரதி, ஒப்பந்தம் எல்லாம் ஞானதாஸ் அண்ணனிடம். போதகர் நேரில் போய்க் கேட்டார். கொழும்பில் இருக்கிறது, பார்க்கலாம் என்று பதில் வந்தது. ஏஜென்சியில் யாரும் போன் எடுக்கவில்லை.

வியாழன், வெள்ளி, சனி. ரூத்திடமிருந்து இன்னொரு வரி வரவில்லை. ஞானதாஸ் அண்ணனை வெளியே நிறுத்தி நான்தான் கோபத்தைக் கிளப்பிவிட்டேனோ, அந்தப் போனைப் போட்டுவிட்டாரோ என்று மணிக்கொரு தரம் தளத்தைத் திறந்து பார்த்தேன். சனிக்கிழமை அடைமழை. நனைந்த குடையோடு லீலா அக்கா கடைக்குள் வந்தார். ஞானதாஸ் அண்ணனின் மனைவி. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று எழுந்து நின்றேன். சேலைத் தலைப்புக்குள்ளிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்து மேசையில் வைத்தார். ஒப்பந்தம், பாஸ்போர்ட் பிரதி, அரபியிலும் ஆங்கிலத்திலும் அந்த வீட்டு விலாசம். நீங்கள் எப்படி, என்று ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை. "பூட்டு அவருக்குத்தான போட்டீங்க டீச்சர், எனக்கு இல்லையே. நான் தினமும் படிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்."

ரூத் கேட்டது

விலாசம் கிடைத்த பிறகும் ஐந்து வாரம் ஆனது. தூதரகத்து ஆட்கள் அந்த வீட்டுக்குப் போனார்கள், ரூத்தை வெளியே எடுத்தார்கள், விமானத்தில் ஏற்றினார்கள். பதுளை ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு தோட்டத்தில் அம்மா இருக்கும் லயத்துக்குப் போனாள். ஞானதாஸ் அண்ணன் மேல் விசாரணை நடக்கிறது. செயலாளர் பதவி போய்விட்டது, ஆனால் ஞாயிறு தவறாமல் வருகிறார். கணக்கைத் திறந்துவிடச் சொல்லி இரண்டு கடிதம் கொடுத்துவிட்டார்.

ஒரு நாள் ரூத் கடைக்கு வந்தாள். அவள் எழுதியதற்குக் கீழே நூறுக்கு மேற்பட்ட 'ஆமென்'. பார்த்தால் சந்தோஷப்படுவாள் என்று கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினேன். கொஞ்ச நேரம் படித்தாள். பிறகு, அழித்துவிட முடியுமா என்று கேட்டாள். மறைக்கவா என்று கேட்டேன். இல்லை, அழிக்கத்தான் என்றாள். அழித்தேன். அவள் எழுந்து கதவு வரை போய் நின்றாள். "எல்லாரும் ஜெபிச்சாங்க டீச்சர், அதை மறக்க மாட்டேன். ஆனா இப்ப யாரும் என் முகத்தைப் பாக்கறதில்ல, முதுகைத்தான் பாக்கறாங்க."

உறுப்பினர்களுக்கு மட்டும் என்று ஒரு தளம் செய்ய எனக்கு ஒன்பது நாள் போதுமாக இருந்தது, அந்த உறுப்பினர்களோடு ஞாயிறுதோறும் ஒரே பெஞ்சில் உட்காருவதைத்தான் இன்னும் செய்து முடித்தபாடில்லை.